எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றியவள்

மகனே,

நலம் விசாரித்துத்தான் கடிதம் தொடங்க வேண்டும். இன்றைக்கு எனக்கு அதற்கு மனம் வரவில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறாயா? சாப்பிடு. மற்றதெல்லாம் கோபம்தான், அதனால் உட்கார்ந்து படி. பஸ்ஸில் பிரித்து, பாதி படித்து, மடித்துப் பையில் போட்டுக்கொள்ளும் கடிதம் இல்லை இது.

போன ஞாயிற்றுக்கிழமை மூலைக்கடை பூத்துக்குப் போன் போட்டு என்னைக் கூப்பிடச் சொன்னாய். இரண்டு காரியம் கேட்டாய். ஒன்று, நீ சேர்ந்திருக்கிற கம்ப்யூட்டர் குழு புதிதாக வரும் வாலண்டியர்களுக்காக ஒரு சின்னப் புத்தகம் போடுகிறது. பழைய கம்ப்யூட்டர்களை ரிப்பேர் செய்து, எங்கள் ஊரைப் போன்ற ஊர்களில் கொண்டுபோய் வைத்துச் சொல்லிக்கொடுக்கக் கிளம்புகிற பிள்ளைகள் அங்கே எதை எதிர்பார்க்கலாம் என்று ஊர்க்காரர் ஒருவர் எழுதினால் நன்றாக இருக்குமாம். "நீ ஒரு பக்கம் எழுதிக் குடும்மா, நல்லதா நாலு வார்த்தை" என்றாய். இரண்டாவது, ஸ்கெலட்டன் குடியிருப்பில் இருக்கிற நம் ஹாலை மறுபடியும் உன் குழுவுக்கு வாங்கித் தரச் சொன்னாய். தங்க மைன்ஸை மூடிவிட்டார்கள், பையன்கள் வேலை இல்லாமல் தெருவில் நிற்கிறார்கள், இப்போதாவது கம்ப்யூட்டர் வரட்டும் என்றாய். கேட்டது தப்பில்லை. அந்த ஹாலில் தையல் வகுப்பு நடத்துகிறவள் நான், சாவி என் முந்தானையில் இருக்கிறது, என்னைத்தான் கேட்க வேண்டும். ஆனால் போன தடவை உன் குழு வந்தபோது நடந்ததைப் பற்றி நான் பேச்செடுத்தேன். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "அத விடும்மா. அப்ப ஜனங்க வெவரம் தெரியாதவங்க. ஒரு அட்டைக்குப் பயந்துகினு ரூமுக்குள்ளயே போகல. எங்க ஆபீஸ்ல இன்னும் அத சொல்லி சிரிப்பாங்க."

பூத் சின்னது, உன் குரல் பெரியது. என் பக்கத்தில் உன் அப்பா நின்றுகொண்டிருந்தார். இத்தனை வருடம் பூமிக்கடியில் எலக்ட்ரீஷியன் வேலை பார்த்த மனுஷன், மகன் குரல் கேட்கலாம் என்று சட்டையை மாற்றிக்கொண்டு வந்தவர், எனக்கு முன்னால் வீட்டுக்கு நடந்துவிட்டார். மறுநாள் காலையில் டீயைக் கையில் வாங்கிக்கொண்டு, "நாமதான் சொல்லல. படிக்க வெச்சோம், பெங்களூருக்கு அனுப்பினோம். நாம இன்னா வேலை செஞ்சோம்னு அவன குந்த வெச்சு சொல்லல" என்றார். எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. உனக்குச் சொல்லாமல் இல்லை. உன் கண்ணால் நீயே பார்த்திருக்கிறாய். அதனால் நீ கேட்ட ஒரு பக்கம் இப்போது பல பக்கமாக வருகிறது. புத்தகத்தில் போடுவதானால் முழுசாகப் போடு. நல்ல வார்த்தை நாலை மட்டும் பொறுக்கியெடுத்துப் போடுகிற வேலை வைத்துக்கொள்ளாதே.

வாலண்டியராக வருகிற பிள்ளை முதலில் எதிர்பார்க்க வேண்டியது என்ன தெரியுமா? அவன் நுழைகிற அறை காலியாக இருந்த அறை இல்லை. அதில் யாரோ இருந்தார்கள், அவனுக்காக எழுந்து இடம் கொடுத்திருக்கிறார்கள். உன் குழுக்காரர்கள் முதல் தடவை வந்தபோது, நீ அதில் சேர்வதற்கு முன்னால், நம் ஹாலில் தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அப்போதே மைன்ஸ் இன்றைக்கோ நாளைக்கோ என்று இழுத்துக்கொண்டிருந்தது. பல வீட்டில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்த காசில்தான் அரிசி வந்தது. கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது, நூல் பறக்கக் கூடாது, உள்ளறையும் முன்னறையும் இரண்டும் வேண்டும் என்றார்கள். நாங்கள் மிஷின்களைத் தூக்கி வராண்டாவில் போட்டுத் தார்ப்பாயால் மூடினோம். தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டிலிருந்து காற்றடித்தால் நம் ஊரில் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். சோற்றுப் பானையையே இரண்டு துணி போட்டு மூட வேண்டும். அந்தச் சாம்பல் மண் மிஷின் எண்ணெயில் இறங்கிக் களி மாதிரி இறுகியது. ராத்திரி பகலாக மண்ணெண்ணெயில் கழுவினோம். ஒருத்தியும் முணுமுணுக்கவில்லை. பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதான் கொடுத்தோம், நாங்களும் படிக்கலாம் என்றுதான் கொடுத்தோம்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் நடந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா எதையும் நல்லதாகப் பார்க்க மாட்டாள் என்பாய். சனிக்கிழமைதோறும் ஒரு சுருட்டை முடிப் பையன் வருவான். பொறுமையான பிள்ளை. எங்களை அம்மா என்றுதான் கூப்பிடுவான், மௌஸைத் தலைகீழாகப் பிடிக்கிற நம் தையல் வகுப்பு மேரிக்குக்கூட ஒரு தடவை முகம் சுளிக்காமல் சொல்லிக்கொடுத்தான். எல்லாரையும் விட வேகமாகப் பிடித்துக்கொண்டவள் சரோஜா. நம் லைன் வீடுகளில் கடைசி வீட்டு சரோஜாவேதான், ஆறுமுகத்தின் சம்சாரம். யூனிஃபார்ம் தைக்கிற ஒவ்வொரு பிள்ளையின் பேரையும் தோள் அளவு, கை அளவு, இடுப்பு அளவு என்று கட்டம் கட்டமாக அதில் ஏற்றிவிட்டாள். அதைப் பதிந்த ஃபிளாப்பியை ஊசி டப்பாவில் வைத்துக்கொண்டு நடப்பாள். சனிக்கிழமை காலையில் நான் சாவியோடு போகும்போது அவள் படியில் உட்கார்ந்திருப்பாள். ஒரு நாளும் அவளுக்கு முன்னால் நான் போய்ச் சேர்ந்ததில்லை. இதை மறந்துவிடாதே. கம்ப்யூட்டர் அந்த ஊரில் யாருக்கு அதிகம் வேண்டியிருந்தது என்று யாராவது கேட்டால் சரோஜாவுக்கு என்று சொல்.

ஒரு சனிக்கிழமை மழை பெய்து தரை ஈரமாக இருந்தது. கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்ட மேரிக்கு ஷாக் அடித்தது. பெரிதாக இல்லை, கை சுர்ரென்று இழுத்தது. அந்தப் பையன் உடனே மெயின் சுவிட்சை அணைத்தான். ஹாலுக்கு எர்த் சரியில்லை, கசிகிற கரண்ட் மண்ணில் இறங்கவில்லை, அதைச் சரிசெய்யாமல் யாரும் தொடக் கூடாது என்றான். ஒரு சிவப்பு அட்டையில் அபாயம், வேலை நடக்கிறது, தொடாதே என்று எழுதி மெயின் சுவிட்சில் மாட்டினான். "அடுத்த சனிக்கிழமை ஆளோட வந்து பாத்து, நானே இத எடுத்துடறேன்மா" என்று சொல்லிவிட்டு ரயிலுக்குப் போனான். அவன் செய்தது முழுக்கச் சரி. உன் அப்பாவும் அப்படித்தான் செய்திருப்பார். அந்த அட்டையை மாட்டியதற்காக அவன்மேல் எனக்கு ஒரு துளி வருத்தம் கிடையாது. அவன் திரும்பி வரவில்லை. என் கோபம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அட்டைக்குப் பயந்தார்கள் என்றாயே, அந்த அட்டை எங்களுக்கு என்ன என்று உன் ஆபீஸில் சிரிக்கிறவர்களுக்கு எழுதுகிறேன். மைன்ஸில் ஒரு லைனில் கரண்டை நிறுத்திவிட்டு ஒருவன் வேலைக்கு இறங்கினால் சுவிட்சில் டேஞ்சர் போர்டு மாட்டிவிட்டுத்தான் இறங்குவான். மாட்டியவன்தான் எடுக்க வேண்டும். இல்லையென்றால் அவன் நேரில் நின்று இன்னொருவனிடம் ஒப்படைக்க வேண்டும். ஃபோர்மேனாக இருந்தாலும் சரி, மேனேஜரே வந்து நின்றாலும் சரி, வேறு கை அதில் படக் கூடாது. ஷிஃப்ட் முடிந்து அவன் வீட்டுக்குப் போய்த் தூங்கினாலும் எழுப்பிக் கூட்டி வர வேண்டும். ஏன் என்றால் போர்டு தொங்குகிறது என்றால் அந்த லைனின் ஏதோ ஒரு முனையில் ஒரு மனுஷன் கையை வைத்துக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். நீ கைக்குழந்தையாக இருந்தபோது ஒருத்தன் அவசரப்பட்டான். யாரும் இல்லை, மறந்துவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்துப் போர்டை எடுத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டான். கீழே லெவலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் ஆறுமுகம். கேஜ் லிஃப்டில் அவனை மேலே கொண்டுவந்தபோது சரோஜா சுரங்க ஷாஃப்ட் வாசலில் நின்றாள். அவளுக்குக் கல்யாணம் ஆகி இரண்டாவது வருடம். எடுத்தவனைக் கடைசிவரை அவள் ஏசவில்லை. அவன் ஊரை விட்டே போய்விட்டான்.

உனக்குத் தெரியும் என்றேன் அல்லவா. உன் மாமன் கல்யாணம் குடியாத்தத்தில் நடந்ததே, அதை நினைத்துப் பார். உனக்கு அப்போது ஐந்து வயது, அப்பா மடியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். இலையில் பாயசம் ஊற்றியாகிவிட்டது. பந்திக்குள் ஒரு ஆள் செருப்புக்காலோடு வந்து நின்றான். நம் மாரிகுப்பத்தில் ரயில் ஏறி, பங்காருபேட்டையில் மாறி, விசாரித்து விசாரித்து வந்தவன். "அண்ணே, உங்க போர்டு தொங்கிகினு கீது" என்றான், அவ்வளவுதான். உன் அப்பா முந்தின நாள் லீவு கிடைத்த சந்தோஷத்தில் வேலை முடிந்தும் போர்டை எடுக்காமல் வந்துவிட்டார். உன்னை இறக்கிவிட்டு, கை கழுவி, பட்டு வேட்டியோடு அந்த ஆள் பின்னால் போய்விட்டார். நீ அப்பா அப்பா என்று ரோடுவரை ஓடி அழுதாய், நான்தான் தூக்கி வந்தேன். சம்பந்தி வீட்டில் மாப்பிள்ளையின் மச்சானுக்கு ஏதோ மனக்குறை என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. திரும்பி வந்தவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "ஒரு போர்டை எடுக்கறதுக்கு அங்க வேற ஆளே இல்லியா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்து, "ஆறுமுகத்துக்கு அப்புறமுமா நீ இத கேக்கற?" என்றார். நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. உனக்கு அந்த அழுகை ஞாபகம் இருக்கிறது, நீயே பல தடவை சொல்லிச் சிரித்திருக்கிறாய். அதே போர்டுதானடா அது. பெங்களூர்க்காரன் அட்டையில் எழுதினால் வேறாகிவிடுமா?

அந்தப் பையன் அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. சரோஜா படியில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போவாள். நாங்கள் சும்மா இருக்கவில்லை. உன் அப்பா ஹாலுக்குப் பின்னால் குழி தோண்டினார், தகடு இறக்கினார், கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு மூடி, கம்பி இழுத்து சுவிட்ச்வரை கொண்டுவந்து வைத்தார். எர்த் குழி காயக் கூடாது, ஈரம் இருந்தால்தான் வேலை செய்யும் என்றார். அந்த வேலையைச் சரோஜா எடுத்துக்கொண்டாள். குழாயில் தண்ணீர் வராத நாளில்கூட எங்கிருந்தோ ஒரு குடம் கொண்டுவந்து ஊற்றுவாள். எல்லாம் தயார். கடைசி முனையை இணைத்து, கரண்டைப் போட வேண்டியதுதான் பாக்கி. போர்டு தொங்குகிறது. அந்தப் பையனுடைய வயர் எது, உள்ளே எதைக் கழற்றி வைத்திருக்கிறான் என்று அவனுக்குத்தான் தெரியும். நான் பூத்திலிருந்து உன் குழு ஆபீஸுக்குப் போன் செய்தேன். அவன் அமெரிக்காவுக்குப் போய்விட்டான் என்றார்கள். போகட்டும், நல்லா இருக்கட்டும். வேறு யாராவது ஒருவர் வந்து எங்கள் எலக்ட்ரீஷியனோடு நின்று பார்த்து எடுத்துக் கொடுங்கள் என்றேன். "அதுக்கா ஒரு ஆள் வரணும், நீங்களே பிச்சுப் போடுங்கம்மா" என்று ஒரு பெண் சிரித்தாள். அப்படிச் செய்ய மாட்டோம் என்று விளக்கினேன். பார்த்துச் சொல்கிறோம் என்றாள். மறுபடி போன் செய்தால் மீட்டிங், மறுபடி செய்தால் புது ஆள், அவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டும். வெயில் காலம் போய் மழைக்காலம் வந்தது. உன்னிடமும் சொன்னேன். நீ அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது, பார்க்கிறேன்மா என்றாய்.

கடைசியில் வந்தார்கள். வேனோடு வந்தார்கள். இரண்டு பேர், ஒருவர் கழுத்தில் கேமரா. அன்றைக்கு ஹாலுக்குப் பின்னால் சரோஜா குழிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அதைப் படம் எடுத்தார்கள். எதற்கு ஊற்றுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே வந்து, தூசி படிந்த கம்ப்யூட்டரைப் பார்த்து, உபயோகமில்லாமல் கிடக்கிறது, வேறு இடத்துக்குக் கொண்டுபோகிறோம் என்றார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் ஒருவர் அந்த அட்டையை வெடுக்கென்று பிடுங்கி, கசக்கிக் கீழே போட்டார். சுவிட்சில் கையை வைத்தார். சரோஜா ஓடிவந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "பின்னால ஆள் கீறாங்களான்னு பாத்தியா? பாத்தியாயா?" என்று கேட்டாள். பின்னால் யாரும் இல்லைதான். ஆனால் அவர் பார்க்கவில்லையே. அவர் கையை உதறிக்கொண்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னார், கூட வந்தவர் சிரித்தார். கம்ப்யூட்டர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். சரோஜாவின் ஃபிளாப்பி மட்டும் ஊசி டப்பாவில் தங்கியது. போட்டுப் பார்க்கத்தான் மிஷின் இல்லை.

பிறகு உன் குழுவின் செய்தித்தாளில் அந்தப் படம் வந்தது. நீதான் எடுத்துவந்து காட்டினாய், ஊர் பேர் அச்சில் வந்திருக்கிறது என்ற பெருமையில். கம்ப்யூட்டர் அறைக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றிச் சாந்தி செய்கிற பெண் என்று படத்தின் கீழே போட்டிருந்தார்கள். மக்களின் அச்சத்தாலும் ஆர்வமின்மையாலும் மையம் மூடப்பட்டது என்று எழுதியிருந்தார்கள். நான் அதைச் சரோஜாவிடம் காட்டவில்லை. மேரி காட்டிவிட்டாள். சரோஜா படித்துவிட்டு, "நா பூஜ பண்றேன்னு போட்டுட்டாங்களா" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். ஆர்வம் இல்லையாம், சரோஜாவுக்கு ஆர்வம் இல்லையாம். எத்தனை சனிக்கிழமை அந்தப் படியில் உட்கார்ந்தாள் என்று எழுதுவதற்கு உங்கள் செய்தித்தாளில் இடம் இல்லை. வருகிறேன் என்று சொன்னவன் வரவில்லை என்று ஒரு வரி எழுத உங்களுக்குக் கை வரவில்லை. இதைப் படித்துவிட்டுத்தானே நீ அந்தக் குழுவில் சேர்ந்தாய்? எலக்ட்ரீஷியன் மகன் நீ. இது தவறு, அது எர்த் குழி என்று சொல்ல அந்த ஆபீஸில் உன் ஒருத்தனால்தான் முடியும். நீயும் சேர்ந்து சிரித்திருக்கிறாய்.

சரி, கேட்டாயே, எதை எதிர்பார்க்கலாம் என்று. எழுதிக்கொள். டீ கொடுப்பார்கள், வேண்டாம் என்று சொல்லாதே, அந்தப் பாலை இன்னொரு வீட்டில் கேட்டு வாங்கியிருப்பார்கள். கரண்ட் போகும். போன வாரம் சொன்னதையே இந்த வாரமும் கேட்பார்கள், நீ பள்ளிக்கூடத்தில் கூட்டலை எத்தனை முறை கேட்டாய் என்று நினைத்துக்கொள். உன்னைப் புகழ்ந்து மாலை போட மாட்டார்கள், போட்டால் அந்த இடத்தில் ஏதோ கோளாறு. ஒருவர் விசித்திரமாக ஏதாவது செய்தால் படம் எடுக்காதே, கேள். கேட்டால் கௌரவம் குறையாது. உன்னைவிட உன் கம்ப்யூட்டருக்கு நல்லது நினைக்கிறவர்கள் அங்கே இருப்பார்கள் என்று எதிர்பார். சலிப்பு வரும், அதையும் எதிர்பார். வேலை மாறும், கல்யாணம் ஆகும், அமெரிக்கா கூப்பிடும். போவது பாவம் இல்லை. மைன்ஸில் ஒருத்தனும் சாகும்வரை ஒரே ஷிஃப்ட் பார்ப்பதில்லை. அடுத்தவன் வந்து நின்ற பிறகு இவன் மேலே ஏறுவான், அவ்வளவுதான் கேட்கிறோம். இலவசமாகச் செய்கிறோம், எங்களைக் கேள்வி கேட்கலாமா என்று உன் நண்பர்களுக்குத் தோன்றும். சம்பளம் வாங்கிக்கொண்டு வராதவனைச் சம்பளத்தை நிறுத்திக் கேட்கலாம். சம்பளம் வாங்காமல் வராதவனை நாங்கள் எதை வைத்துக் கேட்பது? படியில் உட்கார்ந்துகொண்டிருப்பதைத் தவிர எங்களுக்கு வேறு வழி இல்லை. இலவசமாக வருகிறவன் இதை யோசித்துவிட்டு வரட்டும்.

ஹால் விஷயத்துக்கு வருகிறேன். நீ கேட்டதை மறைக்காமல் நேற்று வகுப்பில் எல்லாரிடமும் சொன்னேன். மேரிதான் முதலில் பேசினாள். "உங்க புள்ள கேட்டா குடுத்துடணுமா? மறுபடியும் எங்க மிஷினத் தூக்கி மண்ணுல வெக்கறதா? என் வீட்டுக்காரு வேல போயி குந்திகினு கீறாரு, இந்தத் தையல்தான் சோறு போடுது." அவள் சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை. கை தூக்கச் சொன்னேன். கொடுக்க வேண்டாம் என்று கைகள் உயர்ந்தன. என் கையும்தான். பெற்ற பிள்ளைக்கு எதிராகக் கை தூக்குகிறோமே என்று மனசு அடித்துக்கொண்டது, ஆனாலும் தூக்கினேன். அதனால் தெளிவாக எழுதிவிடுகிறேன். ஹால் உன் குழுவுக்குக் கிடையாது.

சரோஜா மட்டும் கை தூக்காமல் சட்டைக்குப் பட்டன் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். வகுப்பு கலையும் நேரத்தில், எல்லாரும் இருக்கும்போதே சொன்னாள்: "அக்கா, ஹால் வேணாம். என் வீட்டு முன்ரூம்ல ஒரே ஒரு மிஷின் கொண்டாந்து வெக்கச் சொல்லு. நா ஒண்டிக்கட்ட, எனக்கு இன்னாத்துக்கு அவ்ளோ எடம். பசங்க வந்து கத்துக்கட்டும், நானும் கத்துக்கறேன். ஆனா உன் புள்ளயே வரணும். வேற யாரும் வேணாம்." பூஜை செய்கிறவள் என்று அச்சில் போட்டுச் சிரித்த குழுவுக்குத் தன் வீட்டையே திறக்கிறாள். ஏன் சரோஜா என்று கேட்டேன். "எனக்கு அது புடிச்சிருந்துச்சிக்கா" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "அவன் வாராவாரம் வருவான்னு நீ ஒரு வார்த்த சொல்லு, போதும்" என்றாள்.

மேரி என்னைப் பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள். பத்து மாதம் சுமந்தவள், உன்னை விரல் பிடித்து நடத்தியவள், உன் மார்க்கைத் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். வருவான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை, மகனே. அந்த ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. "என்னால சொல்ல முடியாது சரோஜா" என்றேன். அவள் கோபப்படவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "அப்ப அவனையே வந்து சொல்லச் சொல்லு" என்றாள். இன்று காலை அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். முன்ரூமில் கிடந்த கட்டிலைத் தனியாகவே இழுத்துப் பின்னால் போட்டுவிட்டுச் சுவர் ஓரம் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

எனக்குப் போன் செய்யாதே. என்னிடம் சொல்லி அனுப்பினால் நான் கொண்டுபோய்ச் சொல்ல மாட்டேன். மாரிகுப்பம் ரயிலில் ஏறி வந்து, நம் வீட்டைத் தாண்டி நேராக அவள் வீட்டுக்குப் போ. வருவாய் என்றால் வருவேன் என்று சொல். முடியாது என்றால் அதையும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அந்தக் கட்டிலைப் பழைய இடத்தில் போட ஒரு பக்கம் பிடித்துக் கொடு. அதற்குப் பிறகு வீட்டுக்கு வா, சோறு வைத்திருப்பேன்.

அம்மா